குழல் நேராக இருந்தால்

அத்தியாயம் 17

ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் இந்த மூன்றாவது மாடி வீட்டுக்கு இன்றுதான் முதல்முறையாக வருகிறீர்கள் என்றால், கூடத்துச் சாப்பாட்டு மேஜையைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். ஏழு மாதமாக அதில் யாரும் சாப்பிடுவதில்லை. அதன்மேல் ஒரு பாலைவனம் இருக்கிறது.

மூன்றடிக்கு இரண்டடி பிளைவுட் பலகை. அதில் மணல், முள்புதர், இரண்டு டாங்கிகள், பன்னிரண்டு சிப்பாய்கள். எல்லாம் நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. டாங்கி ஒரு சாண் நீளம், சிப்பாய் சுண்டுவிரல் உயரம்.

பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் காசிக்குப் போவார்கள், ராமேஸ்வரம் போவார்கள். இந்த வீட்டு ராஜகோபாலன் தி.நகரில் கரீமுல்லாவின் பொம்மைக் கடைக்குப் போய்ப் பிளாஸ்டிக் டாங்கி வாங்கி வந்தார்.

அவர் பிள்ளை கேப்டன் அச்யுத் இறந்து வருகிற செவ்வாய்க்கிழமையோடு ஒரு வருஷம். இருபத்தெட்டு வயது. மேற்கு எல்லைப் பாலைவனத்தில் ஒரு பயிற்சியின்போது அவனுடைய டாங்கி தீப்பிடித்து வெடித்தது. போரும் கிடையாது, பகைவனும் கிடையாது. பெட்டியை ஆணி அடித்துத்தான் அனுப்பினார்கள். முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. கூட வந்த கடிதத்தில் 'உடனடியாக உயிர் பிரிந்தது' என்று ஒரு வரி இருந்தது. நாற்பது வருஷம் பாலம் கட்டிய இன்ஜினீயரான ராஜகோபாலன் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஒரு வருஷத்தைத் தாண்டினார். மூன்று மாதத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்துவிட்டு வந்தபோதும், "குழந்தை கஷ்டப்படலை விசாலி, அது போறும்" என்றுதான் மனைவியிடம் சொன்னார்.

அந்த வார்த்தைக்குச் சாட்சி ஒருவன் உண்டு. டாங்கியை ஓட்டிய செம்பியன். ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரன். அன்றைக்கு பீரங்கி சுடுகிற கன்னருக்குக் காய்ச்சல் வந்து முகாமிலேயே தங்கிவிட, டாங்கிக்குள் இருந்தது இரண்டே பேர். ஒருவன் போனான், ஒருவன் வந்தான். வந்தவனுக்கு இரண்டு கையும் வெந்துபோய், ராணுவமும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இங்கே வருவான். மேடு எங்கே, புதர் எங்கே என்று ராஜகோபாலன் கேட்கக் கேட்கச் சொல்வான். விசாலாக்ஷி கையால் சாப்பிட்டுவிட்டுப் போவான். அவன் மோர்க்குழம்பு ஊற்றிப் பிசைகிற நாள்களில்தான் அவளுக்கும் சோறு இறங்கியது.

நாளைக் காலை பத்து மணிக்கு அச்யுத்தின் ரெஜிமென்ட்டிலிருந்து இரண்டு அதிகாரிகள் வருகிறார்கள். இந்தப் பலகை ரெஜிமென்ட் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கப் போகிறது. ஆகையால் இன்றைக்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

*

"ரெண்டே வேலைதான் பாக்கி" என்றார் ராஜகோபாலன், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் போராடிக்கொண்டே. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து விரல்கள் நடுங்குகின்றன. "செம்பியன் பொம்மையை டிரைவர் மூடிக்குள்ளேர்ந்து வெளியே வர்ற மாதிரி ஒட்டிடு. அப்புறம் டரட்டை நேரா வெச்சு ஒரு சொட்டு பசை விட்டுடு. நேரா, கேட்டியோ? ஒரு டிகிரிகூடச் சாயப்படாது."

டரட் என்பது டாங்கியின் தலை. பீரங்கிக் குழலோடு சேர்ந்து சுற்றுவது அதுதான்.

"பண்றேன்னா. முதல்ல கையை இப்படிக் குடுங்கோ" என்று விசாலாக்ஷி பொத்தானைப் போட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை வருஷத் திதியான ஆப்தீகத்துக்கு வைதீக வாத்தியாரைப் பார்க்க மயிலாப்பூர் போகிறார். அடையாறிலிருந்து மகள் மஹதி காரோடு வந்து கீழே காத்திருக்கிறாள். பிள்ளை அப்பாவுக்குச் செய்ய வேண்டியதை அப்பா பிள்ளைக்குச் செய்கிறார். இதற்கு மேல் ஒரு மனிதருக்கு என்ன தண்டனை வேண்டும்?

கதவு சாத்தியதும் விசாலாக்ஷி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேஜைமுன் உட்கார்ந்தாள்.

அவள் கை கொலு பொம்மைக் கை. புரட்டாசி பிறந்தால் தெருவில் பாதி வீட்டுப் பொம்மைகள் மூக்குடைந்தும் சாயம் போயும் அவளிடம்தான் வரும். கணவரின் கை நடுங்க ஆரம்பித்ததும் சிப்பாய்களுக்கு வண்ணம் பூசுகிற வேலை அவளுக்கு வந்தது. முதல் நான்கு பேருக்கும் பழக்க தோஷத்தில் வெள்ளை வைத்து, கருவிழி வைத்து, புருவமும் இழுத்துவிட்டாள். ராஜகோபாலன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தவர், "என்னடி இது, சண்டைக்குப் போற சிப்பாயெல்லாம் தசாவதார செட் மாதிரி முழிக்கறா!" என்று சிரித்தார். அச்யுத் போனபிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. இந்த அளவில் கண் தெரியக் கூடாதாம், நிழல்தான் தெரிய வேண்டுமாம். நாலு பேர் கண்ணையும் தின்னர் தொட்டு அழித்தாள். 

ஒரே ஒரு பொம்மைக்குத்தான் பலகையில் இடமில்லை. அச்யுத்தின் டாங்கி மேல் மூடியில் மார்பளவு நிற்கும் கமாண்டர். டாங்கிப் பெட்டியிலேயே அதுவும் வந்தது. ஒரு கை முன்னால் நீட்டியபடி இருக்கும். "அது வேண்டாம். அவன் உள்ளேதான் இருந்தான்" என்று ராஜகோபாலன் முதல் நாளே மேல் மூடியைப் பசை போட்டு அடைத்துவிட்டார். அவள் அதைத் தூர எறியவில்லை. உடுப்புக்கும் முகத்துக்கும் வண்ணம் பூசி, கண் மட்டும் எழுதாமல், தன் பழைய வெள்ளிக் குங்குமச் சிமிழுக்குள் போட்டு வைத்திருந்தாள். செம்பியன் ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இன்றைக்கு அவள் எடுத்தது செம்பியன் பொம்மையை. 'பிழைச்சவனும் தெரியணும், அதுதான் நியாயம்' என்று ராஜகோபாலன் விருப்பப்பட்டு வைக்கச் சொன்னது. டாங்கியின் முன்பக்கம், நடுவில், ஒரு பொத்தான் அளவு வட்ட மூடி. அதுதான் டிரைவர் வெளியே வருகிற வழி. மூடியைத் திறந்து பொம்மையை இடுப்புவரை வெளியே வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

டரட்டை நேராக நிறுத்திவிட்டு மூடியைத் தூக்கினாள். பாதிதான் தூக்க முடிந்தது. மேலே குழல் தட்டியது.

தன் கைதான் தவறு என்று நினைத்தாள். குழலைக் கொஞ்சம் நிமிர்த்தப் பார்த்தாள், அசையவில்லை. அது தாழ்ந்துதான் இருக்க வேண்டும் என்று கணவர் ஏற்கெனவே ஒட்டிவைத்திருந்தார், செம்பியன் சொன்னபடி. மூடியைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டுப் பொம்மையை நுழைத்தாள். தலை குழலில் இடித்தது. பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தாள். தோள் இடித்தது. நாலு தரம், ஐந்து தரம் பார்த்தாள்.

பொம்மை வெளியே வரவே இல்லை.

 பிளாஸ்டிக் பொம்மை வர முடியாத வழியில் ஆறடி மனிதன் எப்படி வந்தான்?

*

செம்பியன் பதினொரு மணிக்கு வந்தான். கையில் ஒரு பை நிறைய எலியட்ஸ் கடற்கரை மணல். முன்பக்கத்து மேட்டில் இன்னும் ஒரு பூச்சு வேண்டும் என்று ராஜகோபாலன் கேட்டிருந்தார்.

"இன்னாமா, சார் இல்லியா? மணல் நைஸாதான் கீது. மாவு சல்லடைல இன்னொருவாட்டி சலிச்சா போதும்."

"வெச்சுட்டு இங்கே வா செம்பியா. உன்னை இதுக்குள்ளே வைக்க முடியலை. என்ன தப்புப் பண்றேன்னு பாரு."

அவன் குனிந்து பார்த்தான். பார்த்த மாத்திரத்தில், "இப்டி தள்ளிக்கமா" என்று ஒரு விரலால் டரட்டை இடப்பக்கம் தள்ளினான்.

யோசித்துத் தள்ளவில்லை. கை தானாகப் போயிற்று. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குழல் விலகி, மூடி முழுதாகத் திறந்துகொண்டது. பொம்மை அப்படியே அதில் பொருந்தியது.

விரலை எடுத்த பிறகுதான் தான் செய்தது அவனுக்குத் தெரிந்தது. தழும்பேறிய அந்தக் கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"நேராத்தானே இருந்துதுன்னு சொன்னே?"

"ஆமாமா."

"அவன் உடனே போயிட்டான்னும் நீதான் சொன்னே."

அவன் மேஜையை விட்டு ஓரடி நகர்ந்தான்.

"அப்போ யார்ரா திருப்பினா?"

கேட்டுவிட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாமே என்று அடுத்த நொடியே தோன்றியது. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நெருப்பு புட்சதும் கரென்ட் பூட்சுமா. ஒரே இருட்டு. என் ஹேட்ச் மூடிய தூக்கறேன், பேரல் கொழல்ல இடிக்குது. பின்னால பொக வந்துக்கினே கீது. நான் கத்தறேன். கேப்டன் சாப் நெனச்சிருந்தா அப்பவே மேல ஏறிப் போயிருக்கலாம். அவுருக்கு வழி கிட்டவே இருந்துச்சு. போவலமா. உள்ள எறங்கி வந்தாரு."

"சொல்லு."

"கையால சுத்தற வீல் ஒண்ணு கீது. அத்த சுத்துனா டரட் கொஞ்சம் கொஞ்சமா திரும்பும். 'செம்பியா, பயப்படாதடா, நான் எண்ணறேன், நீயும் எண்ணு, எண்ணினா பயம் தெரியாது'ன்னாரு. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கினே சுத்துனாரு. தமிழ்லதாம்மா எண்ணுனாரு."

விசாலாக்ஷி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். ஊசி என்றால் அலறுகிற பிள்ளை. டாக்டர் அறையில் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, 'எண்ணுடா கண்ணா, எண்ணினா பயம் தெரியாது' என்று சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

"பத்தொம்போது வரிக்கும் கொரல் கேட்டுச்சுமா."

"அப்புறம்?"

"அப்புறம் வீல் சத்தம் மட்டும்தான். நிக்கவே இல்ல. நான் எண்ணிக்கினே இருந்தேன். இருவத்தேழுல எனக்கு வழி கெடச்சுது. வந்துட்டேன்."

"நீ வந்தே. அவன்?"

"அதான்... அதுக்கப்பால வெடிச்சுடுச்சுமா. டரட்டே தனியா பறந்து போய் விழுந்துது. எந்தப் பக்கம் பாத்துக்கினு இருந்துதுன்னு யாருக்கும் தெர்ல. யாரும் கேக்கவும் இல்ல."

அவசரமாகச் சொன்னான். கண்ணைப் பார்க்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரியாதவன். இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அதற்குமேல் கேட்டுத் தாங்குகிற தெம்பு அவளிடம் இல்லை.

"ஏண்டா மறைச்சே?"

"மொத மொதல்ல நான் இங்க வந்தப்ப சார் இன்னா கேட்டாரு? 'கஷ்டப்பட்டானா'ன்னு கேட்டாரு. நான் இன்னாமா சொல்றது?" அவன் உடம்பு குலுங்கியது. "சாருக்கு மட்டும் சொல்லிடாதீங்கமா. தாங்க மாட்டாரு."

அவன் தோளில் கை வைக்கப் போனவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை.

"மணலை மொட்டை மாடிக்கு எடுத்துண்டு போய் நன்னா அலசிக் காயவை. உப்பு இருந்தா பெயின்ட் பொரிஞ்சுடும்" என்றாள்.

*

சமையலறையில் பருப்பு வெந்து குழைந்து அடிப்பிடித்தது. அவள் அடுப்பை மட்டும் அணைத்துவிட்டு வந்தாள்.

மஹதி போன் செய்தாள். "அம்மா, வாத்தியாராத்துல கூட்டம். நாலு மணி ஆயிடும். அப்பா வழியெல்லாம் அந்த டாங்கியைப் பத்தியேதான் பேசிண்டு வரா. நாளைக்கும் நாளன்னைக்கும் அவருக்கு எதுவும் ஆகாம கடத்திடணும்மா. அதிர்ச்சி கூடாதுன்னு டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கோல்லியோ?"

"இருக்கு."

"குரல் என்னமோ மாதிரி இருக்கே?"

"தின்னர் வாசனை. தலை வலிக்கறது."

போனை வைத்தாள். அவளும் ஒரு பொய் சொல்லியாயிற்று. இன்னொன்று சொல்வதா பெரிய பாடு?

வழி இருக்கத்தான் செய்தது. டரட்டை நேராக ஒட்டிவிடலாம். மூடியைச் சாத்தி, செம்பியன் பொம்மையைக் கீழே மணலில் நிற்க வைக்கலாம். ஏற்கெனவே இறங்கிவிட்டான் என்று சொன்னால் தீர்ந்தது. கணவருக்கு அந்த ஒரு வார்த்தை மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பிள்ளையும் மிஞ்சும். நாளைக்கு வருகிறவர்கள் கும்பிட்டு எடுத்துக்கொண்டு போவார்கள்.

டரட்டை நேராக்கினாள். பசைக் குழாயின் மூடியைத் திறந்தாள். இந்தப் பசை பத்து நொடியில் பிடித்துக்கொள்ளும், அப்புறம் பிரம்மாவாலும் பிரிக்க முடியாது.

பத்தொன்பது வரைக்கும் குரல் இருந்தது. இருபத்தேழு வரைக்கும் கை போயிற்று. நடுவில் எட்டுச் சுற்று. மூச்சே இல்லாத இடத்தில், அடுத்தவன் வெளியே போக வேண்டும் என்று, அவள் பெற்ற பிள்ளை எட்டுச் சுற்று சுற்றியிருக்கிறான். உலகத்தில் அவன் கடைசியாகச் செய்த காரியம் அது. அதைப் பசை போட்டு மூட அம்மாவே உட்கார்ந்திருக்கிறாளே!

விசாலாக்ஷி விம்மி விம்மி அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, செம்பியனின் விரல் தள்ளிய அளவுக்கு டரட்டைத் திருப்பினாள். டிரைவர் மூடியை முழுதாகத் திறந்து ஒட்டினாள். பொம்மையை இடுப்பளவு வெளியே வைத்து ஒட்டினாள். கடைசியாக டரட்டின் அடியில் ஒரு சொட்டு விட்டு, பத்து எண்ணினாள்.

இனி அவள் கையில் ஒன்றும் இல்லை.

*

நாலரை மணிக்கு ராஜகோபாலன் தர்ப்பைக் கட்டோடு உள்ளே வந்தார், பின்னாலேயே மஹதியும். செருப்பைக் கழற்றியதும் நேரே மேஜைக்குத்தான் போனார்.

"விசாலி! நேரான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! இதென்ன, கோணலா நிக்கறது?" டரட்டைத் திருப்பப் பார்த்தார். அசையவில்லை. "ஒட்டியும் தொலைச்சுட்டியா? நாளைக்குக் காலம்பற வரா, இப்போ போய்..."

 டாங்கியின் முன்னால் இடுப்பளவு வெளியே நிற்கும் பொம்மையைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். குழலின்மேல் விரலை வைத்து, அது நேராக இருந்தால் எங்கே வந்திருக்கும் என்று காற்றில் கோடு இழுத்தார். விரல் பொம்மையின் தலையில் இடித்தது. பாலம் கட்டினவருக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்பா, உடம்புக்கு என்ன பண்றது?" என்று மஹதி மாத்திரை டப்பாவைத் தேடி ஓடினாள்.

"செம்பியன் எங்கே?"

"மாடியிலே" என்றாள் விசாலாக்ஷி.

"கூப்பிடு."

காய்ந்த மணலைத் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு செம்பியன் வந்தான். மேஜையைப் பார்த்தான். விசாலாக்ஷியைப் பார்த்தான். தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, மேஜையிலிருந்து இரண்டடி தள்ளி நின்றான்.

"எத்தனை சுத்து?" என்று கேட்டார் ராஜகோபாலன்.

"இருவத்தேழு சார்."

"கையாலயா?"

"கையாலதான் சார்."

"சுத்துக்கு ரெண்டு செகண்டு. ஐம்பத்து நாலு. புகையில கை தளர்ந்திருக்கும். ஒரு நிமிஷத்துக்கு மேலேயே ஆயிருக்கும்." நிமிரவே இல்லை. "ஒரு நிமிஷம்."

மஹதி மாத்திரையோடு அப்படியே நின்றாள். விஷயம் புரிந்ததும் அம்மா பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா? தெரிஞ்சும் இதை ஒட்டினியா? ஏம்மா இப்படிப் பண்ணினே? இப்போ உனக்குத் திருப்தியா?"

"அவளைத் திட்டாதே" என்றார் ராஜகோபாலன். "அவ சரியாத்தான் ஒட்டியிருக்கா."

மேஜையிலிருந்த கத்தியை எடுத்தார். டாங்கியின் உச்சியில், முதல் நாள் தன் கையாலேயே அடைத்த மேல் மூடியின் விளிம்பில் நுனியைச் செருகினார்.  இரண்டு முறை வழுக்கிற்று. மூன்றாம் முறை மூடி தெறித்து மணலில் விழுந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் புதர் எங்கே, மேடு எங்கே என்று கேட்பாரே, அதே குரலில் கேட்டார்.

"நீ வெளியே வந்தப்புறம் இது திறந்திருந்ததா, மூடியிருந்ததா?"

கீழே தெருவில் தண்ணீர் லாரிக்காரன் ஹார்ன் அடித்து ஓய்ந்தான். செம்பியன் விசாலாக்ஷி பக்கம் திரும்பினான்.

"அம்மா" என்றான். "அந்தச் சிமிழக் குடுங்க."

 காலையில் அவன் சொல்லாமல் விட்ட மிச்சம் அதுதான் என்று விசாலாக்ஷிக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் போய் எடுத்து வந்து கொடுத்தாள். அவன் கமாண்டர் பொம்மையை எடுத்தான். மடங்காத விரல்களால் அதை மேல் துளைக்குள் இறக்கி, மார்பு வரைக்கும் தெரியும்படி நிறுத்திவிட்டு, முன்போலத் தள்ளி நின்றான்.

"இந்த அளவுக்கு சார். மாரு வரிக்கும் வெளிய வந்துட்டாரு. கைய நீட்டுனாரு. நான் நாப்பது தப்படி ஓடிட்டுத் திரும்பிப் பாத்தேன். திரும்பிப் போவல சார். பயந்துட்டேன். காலாட்படக்காரனுங்கோ மேட்டுக்கு அந்தாண்ட இருந்தானுங்கோ, யாரும் பாக்கல. உடனே பூட்டாருன்னு சொன்னா, நீ ஏன்டா போவலன்னு யாரும் கேக்க மாட்டாங்கன்னு... விசாரணைலயும் அதான் சொன்னேன்."

மஹதி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். விசாலாக்ஷி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓங்கி அறைய வேண்டும் போலவும் இருந்தது. இந்தப் பயத்தை ஒரு வருஷம் ஒற்றையாய்ச் சுமந்தாயா என்று கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இவன் வெளியே வருவதற்காக இருபத்தேழு சுற்று. அவன் நீட்டிய கைக்கு இவன் ஒரு எட்டுக்கூட எடுத்து வைக்கவில்லை.

"நாளைக்கு வர்றவா இதைப் பார்த்துட்டுக் கேப்பாளேப்பா. என்ன சொல்றது?" என்று மஹதி முனகினாள்.

ராஜகோபாலன் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. பூதக்கண்ணாடியோடு கமாண்டரின் முகத்தருகே குனிந்திருந்தார்.

"கண் எழுதலையே."

"தெரியப்படாதுன்னு நீங்கதானே சொன்னேள்."

"இதுக்கு மட்டும் எழுது." செம்பியனிடம் திரும்பினார். "எந்தப் பக்கம் பார்த்துண்டிருந்தான்?"

"என்னத்தான் சார்."

"நாற்பது தப்படி. முப்பது மீட்டர். முப்பத்தஞ்சால வகுத்தா எண்பத்தாறு சென்டிமீட்டர்." இழுப்பறையைத் திறந்து அளவு நாடாவை எடுத்தார். ஒரு முனையைப் பொம்மையின் நெற்றிக்கு நேரே பிடித்துக்கொண்டு, மறு முனையை, டிரைவர் இறங்கி ஓடிய பக்கமாக நீட்டினார். பாலைவனத்தைத் தாண்டிற்று. பலகையின் விளிம்பைத் தாண்டிற்று. மேஜையையும் தாண்டிற்று.

நாடா செம்பியனின் சட்டையில் போய் முட்டியது. அவன் பின்வாங்கினான்.

"நகராதே" என்றார் ராஜகோபாலன். "அவ எழுதி முடிக்கற வரைக்கும் அங்கேயே நில்லு."

விசாலாக்ஷி இருப்பதிலேயே மெல்லிய தூரிகையை எடுத்து, கறுப்பில் தொட்டாள்.